மிதுனா அம்மா பக்கத்துக் கூட்டம்

சார், உங்களுக்குக் குழந்தை இருக்கா? இருக்கு இல்லையா. சரி, அதுக்கு வயிறு கெட்டுப்போனால் உங்க வீட்டுக்காரம்மா உங்களைக் கூப்பிட்டு என்னன்னு சொல்வாங்க?

மோஷனா. நினைச்சேன். கோயமுத்தூரில் மோஷன் போகும். எங்க நாமக்கல் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் மோஷன் போகாது சார், பீதான் போகும். முகத்தைச் சுளிக்காதீங்க. டீயை முதலில் குடிச்சு முடிங்க, அப்புறம் சொல்றேன். என் வெப்சைட்டுக்கு வந்துக்கிட்டிருந்த கூட்டம் எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சுத் திரும்பக் கூட்டிக்கிட்டு வரத்தானே இவ்வளவு தூரம் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க? இந்த ஒரு வார்த்தைக்கே கூச்சப்பட்டால் இந்த வேலை உங்களுக்கு ஆகாது. அந்தக் கூட்டம் முழுக்க அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு வந்த கூட்டம்.

நீங்க ஒரு கோடு காட்டினீங்களே, மலை மாதிரி ஏறி அங்கிருந்து பள்ளத்துக்கு இறங்குதுன்னு. "இந்த இடத்தில் என்ன மேடம் நடந்துச்சு, அல்காரிதம் மாறினப்பவா"ன்னு கேட்டீங்க. எந்த ரிதமும் மாறலை சார். அந்த வளைவு இருக்குதே, அதுதான் எங்க நாத்தனார்.

முதலில் இருந்து சொன்னால்தான் புரியும். நான் படிச்சது எங்க ஊர் கவர்மெண்டு பள்ளிக்கூடத்தில், பன்னிரண்டாவது வரைக்கும். வீட்டுக்காரருக்கு லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில் வெல்டிங் வேலை. மிதுனா எங்களுக்கு ஒரே பொண்ணு. ஒரு வயசு தாண்டினதும் எல்லாரும் கொடுக்கிற மாதிரிதான் பிஸ்கட், ரவைக் கஞ்சி, சேமியான்னு கொடுக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நாளில் வயிறு பானையாச்சு, கை கால் குச்சியாச்சு. போறது வெளுத்துப் போய், பசபசன்னு, தண்ணியை ஊத்தினாலும் நகராது. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம், கழுவின கையால் சோறு பிசையப் பிடிக்காது. பல்லு முளைக்குதுன்னு சொன்னாங்க. தீட்டு பட்டுச் சீர் தட்டியிருக்குன்னு கூட்டிக்கிட்டுப் போய் மந்திரிச்சாங்க. கடைசியில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, வயித்துக்குள்ளே குழாய் விட்டுப் பார்த்து, "இவளுக்குக் கோதுமை ஆகாதும்மா. கோதுமை, மைதா, ரவை எந்த ரூபத்திலும் கூடாது. கொஞ்ச நாளைக்கு இல்லை, எப்பவுமே கூடாது"ன்னு சொல்லிட்டாங்க.

பஸ்ஸில் வரும்போதே போனில் தேடினேன் சார். இங்கிலீஷில் மூட்டை மூட்டையா இருக்கு. தமிழில் என்ன வந்தது தெரியுமா? கோதுமை தின்றால் கிடைக்கும் நன்மைகள். அதில் முதல் நன்மை, குழந்தையின் வயிறு சுத்தமாகும். போனை ஜன்னல் வழியா எறியலாம்னு இருந்தது.

அப்புறம் நானே எழுத ஆரம்பிச்சேன். பட்டறைக்குக் கம்ப்யூட்டரில் பில் போடுறதுக்கு வழி பண்ணிக் கொடுத்த பரணிங்கிற பையன்தான் வெப்சைட்டும் போட்டுக் கொடுத்தான். "மிதுனா அம்மா"ன்னு பேர். நான் எழுதினது கட்டுரையெல்லாம் இல்லை சார். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரிகிட்டே எப்படிச் சொல்வேனோ அப்படி. எதில் எல்லாம் மைதா ஒளிஞ்சிருக்கு, ரவைக்குப் பதிலா அரிசி நொய்யில் எப்படிக் கிண்டுறது, விருந்துக்குப் போற வீட்டில் பிள்ளை கையில் பிஸ்கட்டைத் திணிக்கிற கிழவிகளை எப்படிச் சமாளிக்கிறது, இப்படி. முதல் பக்கத்துத் தலைப்பு "குழந்தை பீ வெளுத்து நாறுதா". அடியில் என் போன் நம்பர். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்க, சங்கடப்படாதீங்கன்னு ஒரு வரி.

வந்தாங்க பாருங்க. கம்பத்தில் இருந்து, கள்ளக்குறிச்சியில் இருந்து, குவைத்தில் இருந்து, மலேசியாவில் இருந்து. "அக்கா இதேதான் அக்கா, அப்படியே எம்பையனைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு"ன்னு. ஒருத்தி போட்டோவே அனுப்பிட்டாள். என்ன போட்டோன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அதைப் பெரிசு பண்ணிப் பார்த்து, "ஆமா கண்ணு, எதுக்கும் டாக்டர்கிட்டே ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு"ன்னு பதில் போட்டேன். பக்கத்தில் வீட்டுக்காரர் தோசை தின்னுக்கிட்டிருந்தார். எந்திரிச்சுப் போயிட்டார்.

நல்லா ஓடிக்கிட்டிருந்தது. அப்பத்தான் எங்க கொழுந்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது.

எங்க நாத்தனார் சேலத்தில் காலேஜில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறாங்க. என் வீட்டுக்காரருக்கு அக்கா. நல்லவங்கதான். ஆனால் அவங்க பேசினால் பக்கத்தில் நிற்கிறவங்க தானா முந்தானையைச் சரி பண்ணிக்குவாங்க. பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டிருக்கிற நேரத்தில் என்னைத் தனியா இழுத்துக்கிட்டுப் போனாங்க. கையில் போன். போனில் என் பக்கம்.

"கோகிலா, இது நீ எழுதினதா?"

"ஆமாங்க அண்ணி."

"சீ. கருமம். சோறு திங்கிற வாயால இதை எப்படிப் படிக்கிறது?"

"வாயால யாருங்க அண்ணி படிக்கிறா. கண்ணால படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க."

"வாயை மூடு. எங்க டிபார்ட்மெண்ட்ல உக்காந்து எல்லாரும் படிச்சுச் சிரிக்கிறாங்க. உங்க தம்பி சம்சாரமா மேடம், நல்லா எழுதறாங்களேன்னு கேக்கறாங்க. எம் மூஞ்சிய நான் எங்க கொண்டு போய் வெச்சுக்கறது?"

எனக்கு அப்படியே குமட்டிக்கிட்டு வந்தது சார். பீயைப் பார்த்து எனக்கு என்னைக்கும் குமட்டினதில்லை. பிள்ளை உசுருக்குக் கிடந்தப்ப ஒரு நாள் வந்து கால் கழுவி விடாதவங்க, இப்ப அந்த எழுத்து மேல் கையை வெச்சு மூக்கைப் பொத்துறாங்க.

நான் ஒத்துக்கவே இல்லை. முடியாதுன்னுதான் சொன்னேன். அவங்கதான் வீட்டுக்கு வந்து, நீ எழுதறது நல்ல விஷயம், மொழியை மட்டும் சுத்தம் பண்ணிட்டால் புத்தகமாவே போடலாம், மேடையில் கூப்பிடுவாங்கன்னு சொல்லி, உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமா மாத்திக் கொடுத்தாங்க. பீ எல்லாம் மலம் ஆச்சு. நாத்தம் துர்நாற்றம் ஆச்சு. பிள்ளை மழலை ஆச்சு. தலைப்பு என்ன ஆச்சு தெரியுமா? "மழலையரின் செரிமானக் குறைபாடுகளும் உணவுமுறை மாற்றங்களும்". பரணியைக் கூப்பிட்டுப் பழசை எல்லாம் அழிச்சு, புதுசைப் புது முகவரியில் போட்டாச்சு. பழைய முகவரிக்கு வர்றவங்களை இங்கே திருப்பி விடணும்னு அவனுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. வந்தவங்க எல்லாம் பூட்டின வீட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. நீங்க வந்து சொல்லித்தான் அதுவே தெரியுது.

அந்தப் பட்டுப்புடவை போட்டோவா? அது அப்ப எடுத்ததுதான். கீழே "குழந்தைநல எழுத்தாளர்"னு போட்டது எங்க நாத்தனார். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சட்டம் போட்டு மாட்டினது வீட்டுக்காரர். அதை விடுங்க.

அந்த நேரத்தில்தான் இன்னொரு விஷயமும் தெரிஞ்சது, இதைக் கவனமா கேளுங்க. கோதுமையை அடியோடு நிறுத்தியும் மிதுனாவுக்கு வயிறு முழுசாச் சரியாகலை. இன்னைக்கு நல்லா இருப்பாள், நாளைக்குப் பழையபடி. ஒரு நாள் ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாடி எறும்பு எழுத்தில் போட்டிருக்கான், கோதுமை மாவு. பெருங்காயத்தில் சார். கடையில் விக்கிற டப்பாவில் பாதிக்கு மேல் அப்படித்தான், பிசினோடு மாவைக் கலந்துதான் பொடி பண்ணுறாங்க. அரிசி மாவு கலந்ததும் இருக்கு, தேடித்தான் வாங்கணும். எம் பொண்ணுக்கு மூணு வேளையும் நான் கோதுமையை ரசத்தில் கரைச்சுக் கொடுத்துக்கிட்டிருந்திருக்கேன். டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். அதுக்கப்புறம்தான் அவள் தேறினாள்.

உடனே நாத்தனார்கிட்டே சொல்லி அதையும் புதுப் பக்கத்தில் சேர்த்தேன். "கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் தவிர்த்தல் நலம்"னு அவங்க எழுதிக் கொடுத்தாங்க. அடியில், கடைசிப் பத்தியில். பழைய பக்கத்தில் பெருங்காயத்தைப் பத்தி வேற மாதிரி எழுதியிருந்தது. அதைத்தான் அழிச்சாச்சே.

அப்புறம் பார்த்தால் கூட்டம் கரையுது. தினம் காலையில் மிதுனாவைப் பள்ளிக்கூட வேனில் ஏத்தி விட்டுட்டு, எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு நம்பரைப் பார்ப்பேன். எனக்கு அந்த நம்பர் மேல் எல்லாம் ஆசை கிடையாது, சும்மா பார்ப்பேன். காய்ச்சல் இறங்குற மாதிரி இறங்குது. கடைசியில் என்னையும் பரணியையும் தவிர யாரும் வர்றதில்லை. மழலைன்னு எந்த அம்மா சார் தேடுவாள்? இடுப்பில் ஒண்ணு கத்திக்கிட்டு இருக்கும்போது துர்நாற்றம்னு டைப் அடிக்க யாருக்கு முடியும்?

எங்க மகளிர் குழுவில் சொன்னேன். மாசக் கூட்டத்தில் எல்லாரும் வட்டமா உட்கார்ந்திருந்தாங்க. "உங்க வீட்டு விசேஷம் ஒண்ணுக்காவது நான் வராம இருந்திருக்கேனா? எல்லாரும் போனை எடுங்க, மிதுனா அம்மான்னு போடுங்க, என் பக்கத்தைத் திறங்க"ன்னு. மொய் வைக்கிற மாதிரி வரிசையா வெச்சாங்க. பாப்பாத்தி அக்கா தன் போனில் திறந்துட்டு, மகன் போனில், மருமகள் போனில், பேரன் விளையாடிக்கிட்டிருந்த போனைப் பிடுங்கி அதிலும் திறந்துட்டு, "திறந்தாச்சு கண்ணு, இனி உன்ற கடை ஓடும் போ"ன்னு ஆசீர்வாதம் பண்ணினாங்க. திறந்தவங்க ஒருத்தராவது ஒரு வரி படிக்கணுமே. ஒரு வாரம் கோடு கொஞ்சம் நிமிர்ந்துச்சு. மறுபடி படுத்துச்சு. இப்ப அத்தனை பேரும் எங்கே பார்த்தாலும், "உனக்கு வெச்சேனே, மறந்துறாதே"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க.

சரின்னு ஒரு நாள் நானே உட்கார்ந்து தேடினேன். என் பேரைப் போடாம, அந்தப் பழைய வார்த்தையைப் போட்டு. குழந்தை பீ வெளுத்து நாறுதான்னு.

முதலில் வந்தது "நலவாழ்வு நண்பன்"னு ஒரு பக்கம். திறந்தால் என் எழுத்து. முற்றுப்புள்ளி மாறாம என் எழுத்து. மேலே ஒரு ஆம்பிளை போட்டோ, கறுப்புக் கண்ணாடி, முறுக்கி விட்ட மீசை. கீழே, "என் மகள் மிதுனாவுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது, நான் தாய்ப்பால் நிறுத்தின புதுசில்"னு ஆரம்பிக்குது. மீசைக்காரன் பால் நிறுத்தினானாம் சார். இன்னொரு இடத்தில், "எனக்கு மார்பு கட்டிக்கிட்டு வலி உயிர் போச்சு"ன்னு இருக்கு. அதையும் எடுக்கலை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வாந்தியும் வந்தது. எச்சில் இலையை எடுத்துக்கிட்டுப் போய் வேற பந்தியில் போடுறவன்கூட மிச்சம் கிடக்கிற கருவேப்பிலையையாவது தட்டி விடுவான்.

அடுத்த வாரம் ஒரு போன். மணப்பாறை பக்கத்தில் இருந்து ஒரு பொண்ணு. கிட்டத்தட்ட அழுதுக்கிட்டே பேசினாள்.

"அக்கா, மிதுனா அம்மாங்களா? நீங்க எழுதினதை எல்லாம் அப்படியே செய்யறேன்க்கா. கோதுமை வீட்டுக்குள்ளேயே வரதில்லை. ஆனாலும் தம்பிக்கு நிக்கவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் கூடப் போடணுமாக்கா?"

"என்னத்தைக் கூடப் போடணும்?"

"பெருங்காயம்தாங்க்கா. வயித்து நாத்தத்துக்கு ரசத்துல பெருங்காயம் தாராளமா போடுங்கன்னு சொல்லியிருக்கீங்களே."

நான் எங்கேம்மா சொன்னேன்னு கேட்டால், படிச்சுக் காட்டுறாள். மீசைக்காரன் பக்கம். அவன் என் போன் நம்பரையும் சேர்த்துத் திருடி வெச்சிருக்கான் சார். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்க, சங்கடப்படாதீங்க. அதனால்தான் அவன் பக்கத்தைப் படிக்கிறவங்க என்னைக் கூப்பிடுறாங்க.

அந்தப் பொண்ணுகிட்டே டப்பாவைத் தூக்கி எறியச் சொன்னேன். அவள் பிள்ளைக்குச் சரியாச்சு. ஆனால் யோசிச்சுப் பாருங்க, என்ன மாதிரி ஆள் சார் அவன்? ஊர்ப் பிள்ளைங்க வயித்தில் விளையாடுறோமேன்னு ஒரு கூச்சம் வேண்டாம்? தப்புத் தப்பா எழுதி வெச்சுட்டு மீசையை முறுக்கிக்கிட்டு நிற்கிறான்.

ஆமா, அந்த வரி பழைய பக்கத்தில் இருந்ததுதான். நான் எழுதினப்ப அது தப்பு இல்லையே சார். அப்பத் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரிஞ்சதும் நான் மாத்திட்டேன் இல்ல? அவன் மாத்தலை. தப்பு அவனுதுதானே.

அவன் நம்பரைக் கண்டுபிடிச்சுப் பேசினேன். ஜெயசீலன்னு பேர். திருப்பூரில் ரூம் எடுத்துக்கிட்டு இதையே வேலையா வெச்சிருக்கான். போட்டோவில் இருக்கிற மீசைகூட அவனுது இல்லையாம், அதுவும் எங்கேயோ எடுத்ததாம். குரலைக் கேட்டால் பச்சைப் பிள்ளை.

"எந்த சைட்டுங்க்கா? நமக்கு நெறைய இருக்குதுங்க."

"நீ தாய்ப்பால் நிறுத்தின சைட்டு."

டொக்கு டொக்குன்னு கம்ப்யூட்டரைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. தேடிப் பார்த்திருக்கான். "ஐயோ அக்கா"ன்னான். "நான் இதைப் படிச்சதே இல்லைங்க்கா. எது நல்லா ஓடுதோ அதை எடுத்து வெக்கச் சொல்லி செட் பண்ணி விட்டிருக்கேன், அது தானா எடுத்துக்கும்."

"எடுத்துத் தூரப் போடு."

"அக்கா, அது ஒண்ணுதாங்க்கா நமக்கு ஓடுது. வேணும்னா மீசையை எடுத்துட்டு உங்க போட்டோவை வெச்சிடறேன்."

பாருங்க பெருந்தன்மையை. என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். எங்க நாத்தனார் அதைக் கேட்டிருந்தால் பீயே பரவாயில்லைன்னு சொல்லியிருப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, "சரிங்க்கா, சரிங்க்கா"ன்னுக்கிட்டே இருந்தான். கடைசியில், "அந்தப் பெருங்காய மேட்டரு எனக்குத் தெரியாதுங்க்கா. என்ன போடணும்னு நீங்களே எழுதி வாட்சப்ல விடுங்க, மாத்திப்புடறேன்"னான்.

இந்த வாய்க்கு என்ன சொல்றது சார்? திருடினது பத்தாம, மிச்சத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கணுமாம். நான் எழுதி அனுப்பினால் அவன் பக்கம் இன்னும் நல்லா ஓடும். எம் பக்கம் இன்னும் கீழே போகும். எனக்கு என்ன பைத்தியமா? போனை வெச்சுட்டேன். ரெண்டு மாசமாகப் போகுது. அனுப்பலை. அனுப்பவும் மாட்டேன். எம் பக்கத்தை மேலே கொண்டுவந்து அவனைக் கீழே தள்ளுறதுதான் சரின்னுதான் உங்க கம்பெனிக்குப் போன் போட்டது.

என்ன கேட்டீங்க? பழைய எழுத்து எங்கே இருக்குன்னா? எங்கிட்டே இல்லை சார். பரணிகிட்டேயும் இல்லை. அவன்கிட்டேதான் இருக்கு, முழுசா, பத்திரமா. அங்கிருந்துதான் எடுத்துக்கணும். எம் எழுத்தை நான் அவன் பக்கத்தில் இருந்து காப்பி பண்ணணும். இதை வெளியே சொன்னால் சிரிப்பாங்க.

சரி, எடுத்துப் போட்டு, பழைய முகவரியை எல்லாம் திறந்து விட்டு, நீங்க சொல்ற வேலை எல்லாம் செஞ்சால் எப்ப சார் மேலே வரும்? மூணு மாசமா. ஆறு மாசம்கூட ஆகலாமா. உறுதியா சொல்ல முடியாதா.

அதுவரைக்கும் என்ன பண்ணுறதுன்னு என்னைக் கேட்கிறீங்களே. கூப்பிடுறவங்க எல்லாருக்கும் நான் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு போனைக்கூட விட்டதில்லை.

கூப்பிடாதவங்களா.

அது… கூப்பிடாதவங்களுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்.

இருங்க, போன் அடிக்குது. புது நம்பரா இருக்கு.

சொல்லும்மா. ஆமா, மிதுனா அம்மாதான். அழுவாதே, மெதுவா சொல்லு. எத்தனை வயசு? வயிறு உப்பியிருக்கா? டாக்டர்கிட்டே காட்டினியா? நல்லது, அந்த மாத்திரையை நிறுத்தாதே. கோதுமை நிறுத்தி எத்தனை நாளாச்சு? ரசத்துக்குப் பெருங்காயம் போடறியா? தெரியும், தாராளமா போடுவே. எடுத்து எறி. ஆமா, அதில்தான் இருக்கு. எம் பேச்சைக் கேளு, டப்பாவைத் திருப்பிப் பின்னாடி படி. படிச்சியா. அதேதான். என்ன சொன்னே? யாரு, பக்கத்து வீட்டிலேயுமா? அவங்க பிள்ளைக்கும் இதேவா? அவங்க ஏம்மா எனக்குக் கூப்பிடலை? கூச்சமா. என்ன கூச்சம், எழுதினவளுக்கே இல்லாத கூச்சம். போய்ச் சொல்லு கண்ணு, இப்பவே போய்ச் சொல்லு. வெச்சுடறேன்.

கேட்டுக்கிட்டிருந்தீங்க இல்ல? கூச்சமாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி போனில் படிச்சுட்டு, பேசக் கூச்சப்பட்டுக்கிட்டு, பிள்ளைக்கு ரசத்தைப் புகட்டிக்கிட்டு இருந்திருக்கிறாள்.

அந்தக் கோட்டை மூடி வைங்க சார், அப்புறம் பார்க்கலாம். என் போனை உங்ககிட்டே தர்றேன், நீங்க டைப் அடிங்க. ஜெயசீலன்னு பேர் இருக்கும் பாருங்க, திருட்டு நாய்னு போட்டு வெச்சிருப்பேன், அதுதான். நல்ல தமிழெல்லாம் வேண்டாம், நான் சொல்றதை அப்படியே அடிங்க.

பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு இருக்கும். டப்பா பின்னாடி பார்க்காம வாங்காதீங்க. கோதுமை ஆகாத பிள்ளைக்கு ரசத்திலேயும் சாம்பாரிலேயும் அதைப் போட்டால் பீ நிக்கவே நிக்காது, நாத்தமும் போகாது. முன்னாடி தாராளமா போடச் சொன்னது தப்பு.

யார் சொன்னதுன்னு போடணுமா? அதெல்லாம் எதுக்கு சார், தப்புன்னு இருந்தால் போதும். என் பேரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம், மீசையே இருந்துட்டுப் போகட்டும்.

அடிச்சாச்சா? அதுக்குக் கீழே இன்னும் ஒரு வரி அடிங்க. தம்பி ஜெயசீலா, இதை அடியில் கொண்டுபோய்ப் போடாதே, தலைப்புக்குக் கீழேயே முதல் வரியாப் போடு, ஒரு எழுத்தையும் மாத்தாமப் போடு சாமி.